கரிவாயன் சாப்பிடவில்லை

அந்த வீட்டில் நாய்க்கென்று ஒரு சட்டம் இருந்தது. சோற்றை யார் வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் அப்பா சொடுக்கினால்தான் அது தின்ன வேண்டும். விரல் சொடக்கு இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அது. அப்பாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. என்றோ ஒரு கடா முட்டியதில் போனது. அந்தச் சந்தில் காற்றும் சேர்ந்து வருவதால் அவர் போடும் சத்தம் பானைக்குள் கூழாங்கல் விழுந்த மாதிரி இருக்கும். இரண்டு முறை அதைக் கேட்ட பிறகுதான் கரிவாயன் தட்டில் வாய் வைப்பான்.

சட்டம் போட்ட அன்றே மகள் சண்டைக்குப் போனாள்.

அப்போது நல்ல கோடை. விலங்கியல் கடைசித் தேர்வை எழுதிவிட்டு, தகரப் பெட்டியோடு அவள் விடுதியிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவள். அப்பா அதற்குள் அவளை 'டிகிரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பெருமை பாதி, குத்தல் பாதி. எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது.

நாய்க்குட்டியை உரச்சாக்கில் போட்டுத் தோளில் தூக்கி வந்தவர் நெட்டையர். அப்பாவோடு முப்பது வருடமாக ஆடு மேய்ப்பவர். வாசல் நிலையில் இடிக்காமல் உள்ளே வரத் தெரியாத உயரம். அம்மா அவரை அண்ணே என்பாள், மகள் மாமா என்பாள், இரத்த சொந்தம் எதுவும் கிடையாது.

"உடம்பு பூரா வெள்ள, வாய் மட்டும் கரியத் தின்ன மாதிரி. வர்ற வழியிலயே என் பையில இருந்த ரொட்டியக் காலி பண்ணிட்டான். நாக்கு நீளம்" என்றார்.

"நாக்க நான் கட்டறேன்" என்றார் அப்பா.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பட்டியைக் காத்த நாய் யாரோ வீசிய விஷக் கறியைத் தின்று செத்தது. அன்று ராத்திரியே பதினோரு ஆடுகளும் திருட்டுப் போயின. அப்பா ஆடுகளுக்காக அழவில்லை.

"பசிச்சாத் தின்னறதுக்கு அவன் எதுக்குப்பா உன் வாயப் பாக்கணும்? நீ என்ன பெரிய ஆபீசரா, கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல் நகருமா?"

"கண்டவன் போட்டதத் தின்னுட்டுத்தான் முன்ன இருந்தவன் செத்தான். நுரை தள்ளிக் கெடந்தத நீ பாக்கல. நீ ஹாஸ்டல்ல இருந்த."

"சரி, உனக்கு உடம்பு முடியாமப் போனா?"

"படுத்தாலும் வாய் இருக்கும்ல?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எனக்குப் போட்ட சட்டம் மட்டும் என்னவாம். இருபத்தஞ்சு வருஷமா அவரு தின்ன அப்புறம்தான் நான் தின்னுறேன். நாய்க்கு மட்டும் தனிச் சலுகையா?"

நெட்டையர் சிரித்ததில் தலையை நிலையில் இடித்துக்கொண்டார்.

மகளுக்குத் தோற்கப் பிடிக்காது. மணியடித்தால் எச்சில் விடும் நாயைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவள் அவள். இதெல்லாம் எளிதில் உடைக்கக்கூடிய பழக்கம் என்று நிரூபிக்கக் கிளம்பினாள். கிணற்றடியில் உட்கார்ந்து வாய் வலிக்க வலிக்க அந்தச் சொடக்கைப் பழகினாள். ஒரு மதியம் அப்பா இல்லாத நேரம் பார்த்துத் தட்டை வைத்து இரண்டு முறை சொடுக்கினாள். கரிவாயன் ஏமாந்து வாய் வைத்தான். பட்டிக்குப் பின்னால் நின்றிருந்த அப்பா வந்து, வாயில் இருந்த கவளத்தைக்கூட விரல் விட்டு எடுத்தார். தோள் துண்டைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு.

"ஏமாந்தியா? பட்டினி கெட."

அவள் விடவில்லை. அப்பாவின் சத்தத்தையே செல்போனில் பதிவு செய்து ஒலிக்கவிட்டாள். முதல் நாள் ஏமாந்தான், இரண்டாம் நாளும் ஏமாந்தான். ஒவ்வொரு நாளும் தட்டு போயிற்று, மூக்கில் தட்டு விழுந்தது. ஏழாம் நாள் செல்போன் சொடுக்கியபோது அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மோவாயைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்பா தொடையில் அடித்துச் சிரித்தார். "பாத்தியா டிகிரி? இப்பதான் பூட்டு சரியா விழுந்துருக்கு. நீ இல்லன்னா இவ்வளவு நல்லா வந்துருக்காது."

அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிற்பாடு அந்தப் பெருமைக்காகத்தான் அவள் தன்னை அதிகம் திட்டிக்கொண்டாள்.

*

மழைக்காலம் வருவதற்குள் கரிவாயன் ஆளாகிவிட்டான். காலையில் பட்டியின் மூங்கில் படல் திறந்ததும் ஆடுகளுக்கு முன்னால் போவான், பாதை திரும்பும் இடத்தில் நின்று எண்ணுவது போலப் பார்ப்பான். நொண்டி ஆடு ஒன்று எப்போதும் பின்தங்கும். அதன் பின்னங்காலை மூக்கால் முட்டிக்கொண்டே வருவான். குடை விரித்தால் மட்டும் பயம். பட்டிக்குள் ஓநாய் வந்தாலும் பாயக்கூடியவன், குடை விரியும் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் நுழைந்துகொள்வான். வீடு முழுக்க ஈரக் கம்பளி வாடை. ஆட்டுக் குளம்பில் சேற்றுப்புண், கதவிடுக்கில் பூஞ்சை, துணி காயாமல் அம்மாவின் புலம்பல்.

மகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். மேசை ஒன்று, கம்பி வலைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. வருகிறவர்களிடம் 'என்ன பிராணி, வயசு என்ன, என்ன கோளாறு' என்று கேட்டு எழுத வேண்டும். மூன்று வருடம் படித்தது இந்த மூன்று கேள்விக்கா என்று தினமும் பேருந்தில் தன்னையே திட்டிக்கொண்டு போவாள். கரிவாயன் நிறுத்தம் வரை கூடவே வந்து, பேருந்து ஏறியதும் திரும்பிப் போவான். அவள் கையால் பிஸ்கட் நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான். வாலை மட்டும் ஆட்டுவான், ஏதோ உன் மனசு நோகக்கூடாதே என்பது போல.

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா வரவில்லை.

"விடிகாலையில போயி ராத்திரி திரும்பணும். ரெண்டு வேள இவன் பட்டினி."

"ரெண்டு வேள பட்டினி கெடந்தா செத்தா போயிடுவான்? எனக்கு வாழ்க்கையில ஒரு தடவதான்பா இந்த அங்கி."

"அம்மா வர்றால்ல. போட்டோ எடுத்துட்டு வா. பாக்கறேன்."

அம்மா போனாள். அரங்கத்தில் நாற்காலி நுனியில், செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, எல்லோரும் கைதட்டும்போது தானும் தட்டி, மகள் பெயர் வந்தபோது தட்ட மறந்து உட்கார்ந்திருந்தாள். வாடகை அங்கியில் எடுத்த புகைப்படத்தை அப்பா கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "தொப்பி கொஞ்சம் பெருசு" என்றார். மகள் பத்து நாள் அவரோடு பேசவில்லை. ஒரு நாயின் இரண்டு வேளைச் சோற்றுக்குத் தன் மூன்று வருடம் ஈடாகவில்லை என்று ஒரு கணக்கு அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் காலை அவளே வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. வாய்க்கால் ஓரத் தெருவில் மூன்று பட்டிகளில் நாய்கள் செத்துக் கிடந்தன. இவர்கள் பட்டிப் படலருகே ஒரு பெரிய கறித்துண்டு மழையில் ஊறி வெளுத்துக் கிடந்தது. அதிலிருந்து இரண்டு சாண் தள்ளிக் கரிவாயன் உட்கார்ந்திருந்தான். வாயிலிருந்து எச்சில் நூலாக மார்பு வரை இறங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தானோ. அப்பா அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். தெருவே வந்து பார்த்தது. ஒரு ஆடுகூடப் போகவில்லை.

"என்ன டிகிரி" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்ல. நீ ஜெயிச்சுட்ட" என்றாள் அவள்.

ஒரு மாதம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேய்ச்சலில் சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கறித்துண்டு பெரிதாகிக்கொண்டே போனது.

*

பனிக்காலத்தில் ஒரு காலை, வேலி முள்ளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றோடு சாய்ந்தார். அம்மா முதலில் அவர் குனிந்து எதையோ தேடுகிறார் என்றுதான் நினைத்தாளாம். மகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது செல்போனில் அழைப்பு வந்தது. பாதி எழுதிய சீட்டில் 'பசு, நான்கு வயது' என்பதோடு பேனா நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். வலது கை, வலது கால் வரவில்லை. வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு மொத்தமாகப் போயிற்று. பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு இளம்பெண் வந்து, நாக்கை நீட்டி மடக்கச் சொல்லும் படங்கள் போட்ட தாள் ஒன்றைத் தந்தாள். "ஆறு மாசம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்" என்றாள். வராமலே போகலாம் என்பதை நடைவழியில் மகளிடம் மட்டும் சொன்னாள்.

அந்த ஒன்பது நாளும் கரிவாயன் தின்னவில்லை.

முதலிரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. ஆடுகளை நெட்டையர் தன் மந்தையோடு சேர்த்து ஓட்டினார். மூன்றாம் நாள் அவர்தான் சொன்னார், வைத்த சோறு எறும்பு மொய்த்துக் கிடக்கிறது என்று. தண்ணீருக்குச் சட்டம் இல்லாததால் தண்ணீர் மட்டும் குடித்தான். மேய்ச்சலுக்கும் போனான், வந்தான். ஐந்தாம் நாள் பாதையில் உட்கார்ந்துவிட்டவனை நெட்டையர் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் மகள் அவனை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனாள். கம்பி வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அவளே சீட்டு எழுதினாள். நாய், ஆண், ஒரு வயது. கோளாறு: சாப்பிடவில்லை. தனக்குத்தானே சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் போனாள்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஈறைத் தூக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். "உடம்புல ஒண்ணும் இல்லையே. என்ன பண்ணீங்க இவன?"

அவள் சொன்னாள். சொடக்கு, துண்டு, தன் செல்போன், ஏழு நாள், எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"படிச்ச பொண்ணுதானே நீ?"

அவள் கையிலிருந்த சீட்டை நான்காக மடித்தாள்.

ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றைத் தந்து, கடைவாய் ஓரமாக எப்படி விடுவது என்று டாக்டரம்மா காட்டினார். பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்து, வேளைக்கு ஒரு டம்ளர். "இது உயிர ஒட்டி வைக்கும். அவ்வளவுதான். அவனாத் தின்னணும். பசி தாங்காம ஒருநாள் தின்னுடுவான்னு பாப்போம். இல்லன்னா உங்கப்பா வந்து சொல்லட்டும்."

அவள் தலையாட்டினாள். அப்பாவுக்குப் பேச்சு போனதை டாக்டரம்மாவிடம் சொல்ல மறந்தது பேருந்தில்தான் நினைவுக்கு வந்தது. அல்லது மறக்கவில்லை.

*

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வேனிலிருந்து இறக்கும்போதே கரிவாயன் ஓடிவந்தான். ஓட்டம் என்றால் நான்கு காலும் நான்கு பக்கம் போகிற ஓட்டம். தொங்கிக்கொண்டிருந்த வலது கையை நக்கினான். அந்தக் கைக்கு அது தெரியவில்லை. இடது கையால் அப்பா அவன் தலையைத் தேடிப் பிடித்தார்.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அம்மா அவசரமாகச் சோற்றைப் பிசைந்து, கறித்துண்டுகளைப் பொறுக்கி மேலே வைத்து, கட்டிலருகே தட்டை வைத்தாள். "ஏங்க, புள்ள பத்து நாளாப் பட்டினி. கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். அவருக்கு வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

கரிவாயன் தட்டிலிருந்து இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்து அப்பாவின் வாயைப் பார்த்தான். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முயன்றார். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த நாக்கு அசைந்தது, மேலே போகவில்லை. 'ஹ்ளா' என்று ஒரு சத்தம் வந்தது. கரிவாயனின் காதுகள் எழுந்தன. விழுந்தன. மறுபடியும் முயன்றார். எச்சில் வழிந்தது, அம்மா துடைத்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் காதுகள் எழுந்து எழுந்து விழுந்தன. கடைசியில் அப்பா இடது கையை நீட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளினார். தட்டு அவன் பாதத்தில் இடித்தது. கரிவாயன் எழுந்து, சரியாக இரண்டு சாண் பின்னால் போய் உட்கார்ந்தான்.

தட்டைத் தள்ளிவிட்டுச் சோதிப்பதும் அப்பாவின் பழைய பாடம்தான். அதிலும் அவன் முதல் மதிப்பெண்.

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இடது தோள் மட்டும்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போவதற்கே மகளுக்குக் கால் கூசியது. அப்பா நாள் முழுக்க அந்தப் பயிற்சித் தாளை வைத்துக்கொண்டு நாக்கோடு போராடினார். கை காலுக்கான பயிற்சி எதையும் செய்யவில்லை. உதட்டோரம் வெடித்து ரத்தம் வந்தது. கீழே கரிவாயன் அவர் வாயைப் பார்த்தபடி படுத்திருந்தான். காலையும் மாலையும் அவள் சிரிஞ்சைக் கடைவாயில் செருகிப் பாலை விட்டாள். அவன் தடுக்கவில்லை. விழுங்கவும் மனமில்லாதவன் போலப் பாதியை வழியவிட்டான். அந்தப் பக்கம் அம்மா கரண்டியால் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றினாள், அதிலும் பாதி வழிந்தது. ஒரே துணியால் இரண்டையும் துடைத்துவிட்டு அம்மா வெளியே போய்த் துணியை அலசினாள்.

ஒரு காலை மகளுக்குப் பொறுமை போய்விட்டது. தட்டை எடுத்து அவன் மூக்கின் மேலேயே வைத்தாள். "தின்னு தொலையேன்டா. எவன்டா உனக்கு இனி வந்து சொல்லப் போறான். தின்னு." அவன் கறுத்த மூக்கில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. நாக்கு நீளம் என்று பெயர் வாங்கியவன், அதை நக்கிக்கொள்ளவில்லை. வாலை ஆட்டினான்.

அவள் கிணற்றடிக்குப் போய் வாய் வலிக்கும் வரை சொடுக்கிப் பார்த்தாள். தன் பற்கள் முப்பத்திரண்டும் ஒழுங்காக இருப்பது அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

*

பனி விலகி, இலை உதிரத் தொடங்கிய வாரம் நெட்டையர் வந்தார். பச்சை தேடி அவர் மந்தையோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகப் போகிறார், மழை விழும்வரை திரும்ப மாட்டார். நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தவர், அறையை எட்டிப் பார்த்துவிட்டு மகளை வெளியே கூப்பிட்டார்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அவரு கண்ணுல பட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் அவன் காத்துக்கிட்டேதான் இருப்பான். ஆளு இல்லவே இல்லன்னு ஆயிட்டாத்தான் வேற வாயத் தேடுவான்."

"ஆஸ்பத்திரியில இருந்த ஒம்பது நாளும் ஆளு இல்லையே மாமா. அப்பத் தின்னானா?"

"வீடு இருந்துச்சுல்ல? கட்டில் இருந்துச்சு, வேட்டி கொடியில தொங்குச்சு. வாசன இருந்தா வந்துருவாருன்னுதான் நெனப்பான். எங்கூட அனுப்பு. அத்துவானக் காட்டுல ரெண்டு மூணு நாள் கெடந்தா, ஒண்ணு தின்பான், இல்ல…"

"இல்ல?"

"இங்க மட்டும் என்னவாம்? நேத்துத் தூக்கினேன், கோழி கனம்கூட இல்ல."

அவர் சொன்னதில் பிழை இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அது அப்பாவின் நாய். வீட்டில் எதையும் கேட்காமல் முடிவெடுக்கிறவர் என்று அவரோடு மல்லுக்கட்டியே வளர்ந்தவள் அவள். அவரைக் கேட்காமல் அனுப்ப அவளால் முடியவில்லை.

கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, கரிவாயன நெட்டை மாமாகூட அனுப்பிடலாமா? அங்க போனாத் தின்பான்னு சொல்றாரு."

அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்று தெளிவாக, மேலும் கீழுமாக. அவளுக்குப் பாரம் இறங்கியது. ஆனால் ஆமாமும் இல்லையும் கொஞ்ச நாள் குழம்பிக் கிடக்கும், எதையும் இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"இல்ல, இங்கயே உங்கூட இருக்கட்டுமாப்பா?"

அவர் மறுபடியும் தலையை ஆட்டினார். அதே போல, மேலும் கீழுமாக.

"அனுப்ப வேண்டாமா?" தலை ஆடியது. "அனுப்பணுமா?" ஆடியது. அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "அனுப்பணும்னா என் கைய அமுக்குப்பா." அமுக்கினார். "வேணாம்னா அமுக்கு." அமுக்கினார். இன்னும் பலமாக அமுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவருக்குள் தெளிவாக ஏதோ ஒரு பதில் இருக்கிறது, அதைத்தான் அவர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார், வெளியே வரும்போது எல்லாம் ஒன்றாகிவிடுகிறது என்று அவளுக்குப் பட்டது.

"போதும், விடு" என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து. "கேட்டுக் கேட்டு மனுஷனச் சாகடிக்காத."

"கேக்காம எப்படிம்மா அனுப்பறது?"

"அவரு என்னிக்கு நம்மளக் கேட்டாரு?"

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை நெட்டையரின் சாமான் ஏற்றிய வேன் வந்தது. பாத்திரம், போர்வை, கூண்டுக்குள் நான்கு இளங்குட்டிகள். மந்தை முன்னாலேயே நடந்து போயிருந்தது. மகள் கரிவாயனைத் தூக்கிக் கொண்டுபோய்க் கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தாள். கயிறு கட்டத் தேவைப்படவில்லை, குதித்து இறங்குகிற தெம்பு அவனுக்கு இல்லை. தலையை மட்டும் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தான்.

ஜன்னலைச் சாத்திவிடலாமா என்று அவள் யோசித்தாள். சாத்தினால் அப்பாவுக்குத் தெரியாது. அப்புறம் அது அவளுக்கே கேவலமாகப் பட்டது. திறந்தே விட்டாள். வேன் கிளம்பியபோது உள்ளேயிருந்து 'ஹ்ளா, ஹ்ளா' என்று சத்தம் வந்தது. தடுக்கிறாரா, வழியனுப்புகிறாரா, கடைசியாக ஒரு தரம் அந்தச் சொடக்கைப் போடப் பார்க்கிறாரா, யாருக்குத் தெரியும். நெட்டையர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

முதல் நாள் மாலை நெட்டையர் செல்போனில் பேசினார். தின்னவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. "சிரிஞ்சால குடுத்தியா மாமா?" "குடுத்தேன். துப்பிட்டான்." மூன்றாம் நாள் அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. சீட்டு எழுதும்போது அவள் கோழிக்கு 'நாய்' என்று எழுதி, அடித்துவிட்டு மறுபடியும் 'நாய்' என்றே எழுதினாள். "கோழிம்மா, கோழி" என்றார் கோழிக்காரர், கூடையைத் தூக்கிக் காட்டி. செத்தால் அது தான் செய்த கொலை, இதில் அப்பாவுக்குப் பங்கில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

நான்காம் நாள் மதியம், மருந்தகம் மூடுகிற நேரம், நெட்டையர் கூப்பிட்டார்.

"தின்னுட்டான் பாப்பா."

அவள் எழுந்துவிட்டாள். "யாரு குடுத்தது? நீயா?"

"நான் எங்க குடுத்தேன். ரோடு போடறவங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் ரொட்டி ஓரத்தப் பிச்சு வீசினான். போயிக் கவ்விட்டான். அப்படியே அவங்க நடுவுல போயி உக்காந்துட்டான். அப்புறம் யாரு குடுத்தாலும் தின்னுறான். டீக்கடைக்காரன் குடுத்தான், தின்னான். சின்னப் புள்ளைங்க குடுத்துச்சுங்க, தின்னான். வயிறு கெட்டுடுமேன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன்." பின்னால் ஆடு ஒன்று கத்தியது. "எல்லா நாயையும் மாதிரி ஆயிட்டான், பாப்பா. பொழச்சுக்குவான்."

பேருந்தில் அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். வெயில் ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பி சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் போனாள். அம்மா அப்பாவுக்கு முதுகு துடைத்துப் போர்த்திவிட்டு வாளியோடு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

"அப்பா, கரிவாயன் தின்னுட்டான். இன்னைக்கு மதியம். மாமா பேசினாரு."

அப்பா அவளையே பார்த்தார். இழுத்துக்கொண்ட அந்த முகத்தில் சிரிப்பு எது, அழுகை எது என்று படிக்க அவளுக்கு இன்னும் வரவில்லை. பிறகு அவர் இடது கையை மெல்லத் தூக்கினார். விரல்களைக் குவித்து, யாரோ ஒருவர் நீட்டுவது போல முன்னால் நீட்டினார். அந்தக் கையை அப்படியே விரித்துத் திருப்பி, கண்ணால் கேட்டார்.

யார் கையால்?

இத்தனை வாரத்தில் அவர் கேட்டது ஒன்று இவ்வளவு தெளிவாக அவளுக்குப் புரிந்தது அதுவே முதல் தடவை. நெட்டையர் கையால் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பொய் வராது. வராததைப் பெரிய குணம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள்.

"யாரு குடுத்தாலும் தின்னுறானாம்ப்பா" என்றாள். "ரோட்டுல போறவங்க குடுத்தாக்கூட."

அப்பாவின் கை இறங்கியது. அது போர்வையின் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்தது. போர்வை வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். அசைக்க முடியாத வலது தொடைக்கடியில் அதன் முனை மாட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் தரமும் இழுத்தார்.

அவள் குனிந்து, அவர் தொடையைத் தூக்கி, முனையை விடுவித்துக் கொடுத்தாள். அவர் போர்வையை முகத்தின் மேல் இழுத்து மூடிக்கொண்டார்.